கூடுதலாக ஒரு பாய்

சாரதா,

உன் அம்மா நாளைக் காலை ரயிலில் கிள்ளானுக்கு, உன் மாமா வீட்டுக்கு வருகிறாள், மறுநாள் திரும்பிவிடுவாள். உன் கல்யாணச் சேலை, பித்தளை விளக்கு, சோளப்பொரி மூட்டை எல்லாவற்றோடும் இந்தக் கடிதத்தையும் அவள் பையில் வைத்திருக்கிறேன். கையில் கொடுக்கவில்லை, பையில்தான் வைத்திருக்கிறேன். அவள் இப்போதும் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்று சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். நானும் "சரி" என்று அதே சுவருக்குச் சொல்லிவிட்டு உட்காருவேன். ஒன்றரை வருடமாக அந்தச் சுவர்தான் நம் குடும்பத்தை நடத்துகிறது. நீயாவது நேராகத் திட்டினாய். அந்த வகையில் உன்னை எனக்குப் பிடிக்கிறது.

போன வாரம் உன் மாமா பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, வாசலிலேயே அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஏதோ சொல்ல முடியாத சேதி கொண்டுவந்திருக்கிறார் என்று. கடைசியில் சொன்னார். "மச்சான், தப்பா நினைக்காதீங்க. தாரை வார்க்க என்னையும் என் வீட்டுக்காரியையும் நிக்கச் சொல்லுது பிள்ளை. அண்ணனுக்குத் தண்ணி ஊத்துன கை என் கல்யாணத்துல தண்ணி ஊத்தக் கூடாதுங்குது. நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க." நான், காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வீட்டில் காப்பித் தூள் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சிரிக்கவும் முடியாமல் எழுந்து போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். பெற்று வளர்த்தவன் பந்தலின் ஓரத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருக்க, என் மகளை இன்னொருவர் தாரை வார்த்துக் கொடுப்பதா? மூன்று தடவை உனக்கு எழுத உட்கார்ந்து, மூன்று தடவையும் வசைதான் வந்தது. கிழித்துப் போட்டேன். இந்தக் காகிதம் ஜப்பான்காரன் விட்டுப்போன ரயில்வே படிவத்தின் பின்பக்கம். இதற்கு மேல் வீட்டில் காகிதம் இல்லை. ஆகவே இந்த முறை வசை பாடாமல் எழுதிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த அத்தனையும், உனக்குத் தெரியாத ஒன்றிரண்டும் இதில் இருக்கும். படித்துவிட்டு முடிவு செய். முடிவு உன்னுடையதுதான்.

உன் அண்ணன் சண்முகம் போன கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். செமினிக்குக் கிழங்கு வாங்கப் போன பிள்ளையை, வழியில் லோரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நமக்குத் தெரிய வந்தது மறுநாள். சியாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. நீயும் அம்மாவும் சரக்கு நிலையத்து வேலிக்கு வெளியே அவித்த கிழங்குப் பொட்டலத்தோடு இரண்டு நாள் நின்றீர்கள். உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள் போனபோது உள்ளே யாரும் இல்லை. அவ்வளவுதான் உனக்குத் தெரியும். அவர்களை எப்போது கொண்டுபோனார்கள், எந்த வழியாகக் கொண்டுபோனார்கள் என்று நீ என்னைக் கேட்டாய். "எனக்கு எப்படித் தெரியும்" என்று உன்மேல் எரிந்து விழுந்தேன். அதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். சொல்லத்தான் போகிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. வேலை முடிந்தால் எங்காவது போய்விட வேண்டும். முருகன் கோயிலுக்குப் போனால் அங்கே எல்லோரும் சண்முகத்தைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்களவர் விகாரை வழியாக நடந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மரவள்ளிக் கஞ்சி வாசனை வந்தது, அதில் தேங்காய்ப் பால் கூட இருந்தது. சாரதா, ஆன்மிகத் தேடல் என்று நான் கதை அளக்கவில்லை. பசித்தது. உள்ளே போனேன். சீலாவதி அக்காவை உனக்குத் தெரியும், ரயில்வேயில் இருந்த சிங்களவர் ஒருவரின் விதவை, நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கஞ்சி அப்புறம்தான் அண்ணே. முதல்ல உக்காருறது. வாங்க, பாய் இருக்கு" என்றார்.

மண்டபத்தில் பதினைந்து இருபது பேர் மெங்குவாங் ஓலைப் பாய்களில் உட்கார்ந்திருந்தார்கள். சிங்களவர், சீனர், என்னைப் போல் வழிதவறி வந்த இரண்டு தமிழர். வரிசையின் கடைசியில் ஒரு பாய் காலியாக இருந்தது. யாருக்கோ போட்டது, அவர் வந்து எழுப்பிவிடப் போகிறார் என்று தயங்கினேன். பக்கத்துப் பாயில் இருந்த மெலிந்த சீனர், முளைப்பயறு விற்கிற லிம், பாயைக் கையால் தட்டிக் காட்டி, "உக்காருங்க லா" என்றார். உட்கார்ந்தேன். மூச்சு உள்ளே வருகிறது, வெளியே போகிறது, அதை மட்டும் பாருங்கள் என்று வயதான பிக்கு சொன்னார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அங்கேதான் எனக்கு வந்தது வினை.

உன் அப்பனுக்கு என்ன வேலை? இருபத்து மூன்று வருடமாகச் சிக்னல் கேபினில் உட்கார்ந்து, மணி அடித்தால் லீவரை இழுத்துக் கைகாட்டியை ஏற்றி இறக்குகிற வேலை. அந்த வேலையில் கண்ணை மூடுவதுதான் குற்றம். கொட்டாவி வந்தால்கூட ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு விடுகிறவன் நான். அப்படிப்பட்டவனைக் கண்ணை மூடி அரை மணி நேரம் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? முழங்கால் வலித்தது. கணுக்கால் மரத்துப்போனது. லிம் மூக்கை உறிஞ்சினார். யாருக்கோ வயிறு உறுமியது. இவர்களெல்லாம் என்ன பெரிய முனிவர்களா என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. கடைசியில் பிக்கு, முடிந்தது என்பதற்கு ஒரு சின்ன மணியை அடித்தார். நான் சட்டென்று எழுந்து நின்று லீவரைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டேன். அத்தனை பேரும் கண்ணைத் திறந்து பார்க்க, நான் மண்டபத்தின் நடுவில் வெறுங்காற்றைப் பிடித்தபடி நிற்கிறேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றோடு முழுக்குப் போட்டிருப்பேன். லிம் ஒரு சிரட்டையில் கஞ்சியைக் கொண்டுவந்து நீட்டி, "குடிங்க அண்ணே. சூடு போயிரும்" என்றார்.

மறு ஞாயிறும் போனேன், கஞ்சிக்குத்தான். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். பிறகு தேங்காய்ப் பால் நின்றது, கிழங்கும் நின்றது, வெறும் சுடுதண்ணீரில் நாலு கீரை மிதந்தது. அப்போதும் போனேன். ஏன் போகிறேன் என்று எனக்கே புரியவில்லை. ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்ததால் நாலு மணிக்கு உச்சி வெயில் மாதிரி அடிக்கும். அந்த வெயிலில் நடந்து போய், வேர்த்து, உட்கார்ந்து, அரை மணி நேரம் எரிச்சல்பட்டுவிட்டுத் திரும்பி வருவேன். மற்றவர்களுக்கு மனம் அடங்குகிறது என்றார்கள். எனக்கு ஒரு நாள்கூட அடங்கவில்லை. "அக்கா, எனக்கு இது வராது, ஆளை விடுங்க" என்று சீலாவதி அக்காவிடம் சொன்னேன். "வராட்டி என்ன. வராதவங்களும் உக்காரலாம். எனக்கு மட்டும் வந்துச்சா" என்றார். பன்னிரண்டு வருடமாக உட்காருகிறவர் சொல்கிற பதிலா இது? அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடிக்காததே இதுதான். கோபித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைப்பதில்லை.

இப்போது அதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடினால் எனக்கு மூச்சு தெரிவதில்லை, கைகாட்டிதான் தெரிகிறது. அந்த மூன்றாம் நாள் மதியம் கேபினில் நான்தான் இருந்தேன். சரக்கு நிலையத்திலிருந்து வடக்கே போகிற ரயிலுக்கு மணி வந்தது. பூட்டிய பெட்டிகள், காற்று வருவதற்குக் கதவில் ஒரு சாண் இடைவெளி, அந்த இடைவெளியெங்கும் விரல்கள். அதற்குள் உன் அண்ணன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். நிலையத்தில் வேலை செய்கிறவர் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாதை காலியாக இருந்தது. லீவரை இழுத்தேன். கைகாட்டி இறங்கியது. ரயில் போயிற்று. நீயும் அம்மாவும் அந்த நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தீர்கள்.

இழுக்காமல் இருந்திருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். இழுக்காவிட்டால் பின்னால் நின்ற துப்பாக்கிக்காரன் என்னைச் சுட்டுவிட்டு வேறு ஒருவனை இழுக்கச் சொல்லியிருப்பான். அதற்காக நான் என்னை நொந்துகொள்ளவில்லை. நான் தாங்க முடியாமல் இருப்பது வேறு. என் சர்வீஸில் என் கையால் ஒரு ரயில் ஒரு நிமிடம்கூடத் தாமதமானதில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். அன்றைக்கும் தாமதமாகவில்லை. லீவர் இறுகிக்கொண்டது, கம்பி சிக்கிக்கொண்டது என்று சாக்குச் சொல்லி ஐந்து நிமிடம் நிறுத்தியிருக்கலாம். லீவர் இறுகுவது அன்றாடம் நடப்பதுதான், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் வந்து சேர்ந்திருப்பீர்கள். கதவிடுக்கில் ஒரு பொட்டலம் கிழங்காவது போயிருக்கும். உன் அம்மா அவன் விரலையாவது பார்த்திருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை. மணி அடித்தது, கை இழுத்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவிடம் நீ சொல்ல வேண்டுமென்றால் சொல். எனக்கு அந்தச் சுவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

இனி அந்தத் தண்ணீர் விஷயம். விகாரையில் உட்கார்ந்து எழுந்த பிறகு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாராவது தவறியிருந்தால், அவர்கள் பெயரைச் சொல்லி, ஒரு பித்தளைக் கூஜாவிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிண்ணம் நிரம்பி வழியும்வரை நிறுத்தக் கூடாது. அன்றைக்கு உட்கார்ந்ததில் கிடைத்த புண்ணியம் அந்தப் பெயருக்குப் போய்ச் சேரும் என்பார்கள். மற்ற எல்லோரும் ஊற்றுகிறவரின் கையை, தோளைத் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். நம் வீட்டில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற மாதிரிதான். எனக்கு அது என்னவென்று முதல் நாளே தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்.

அப்போதுதான் அந்த ஜப்பான்காரன் வந்தான். ரயில் படைப் பிரிவைச் சேர்ந்தவன், நாற்பது வயது இருக்கும், தனியாக வந்தான். பூட்ஸைக் கழற்றி எங்கள் கட்டைச் செருப்புகளோடு வரிசையாக வைத்துவிட்டு, புத்தர் சிலைக்கு மூன்று முறை விழுந்து கும்பிட்டான். மண்டபத்தில் எல்லோருக்கும் மூச்சு நின்றுவிட்டது. வழக்கம்போல ஒரு பாய் கூடுதலாகக் கிடந்தது, அது லிம்முக்குப் பக்கத்தில். இந்த இடத்தில் எனக்கு இரத்தம் கொதித்தது, சாரதா. லிம்முடைய தம்பியை ஜப்பான்காரன் வந்த முதல் வருடமே பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த லிம் அதே பாயைக் கையால் தட்டிக் காட்டினார், எனக்குக் காட்டிய மாதிரியே. அவன் உட்கார்ந்தான். எங்களில் யாரும் உட்காராத அழகாக, முதுகு வளையாமல், கண் இமை அசையாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்று ஞாயிறு வந்தான். மூன்றாம் ஞாயிறு, கீரைத் தண்ணீர் குடிக்கும்போது அவன் முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். சியாம், ரயில் பாதை, என் மகன், எப்போது திரும்பி வருவார்கள் என்று கேட்டேன். அவன் சிரட்டையைக் கீழே வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பான்யாக் மாத்தி" என்றான். நிறையப் பேர் செத்துவிட்டார்கள். அவ்வளவுதான் சொன்னான். சண்முகத்தைத் தெரியும் என்று சொல்லவில்லை, நான் பெயர்கூடச் சொல்லவில்லை. எந்த முகாம் என்று அவனும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. தலையைக் குனிந்து வணங்கிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

அடுத்த ஞாயிறு நான் கூஜாவைக் கையில் எடுத்தேன். சண்முகம் என்று பெயர் சொன்னேன். ஊற்ற ஆரம்பித்தேன். ஐந்தாறு கைகள் என் தோளில் இருந்தன. கிண்ணம் நிரம்பி வழிந்து தட்டில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நீ. கஞ்சிக்கு நம் வீட்டுப் பங்காக அம்மா கொடுத்தனுப்பிய கிழங்குக் கூடை உன் இடுப்பில் இருந்தது. நீ கத்துவாய் என்று நினைத்தேன். கூடையை இறக்கி நிலைப்படிக்குப் பக்கத்தில் வைத்தாய், ஒரு கிழங்கு உருண்டதை எடுத்து மறுபடி உள்ளே போட்டாய், திரும்பிப் போய்விட்டாய். நான் வீட்டுக்கு வருவதற்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஜப்பான்காரன் சொன்னது ஏற்கெனவே அவள் காதுக்கு எட்டியிருந்தது. அன்றைக்கு அவள் என்னிடம் நேராகப் பேசினாள். அதுதான் கடைசி. "செத்தான்னு யார் சொன்னா உங்களுக்கு? புடிச்சிட்டுப் போனவனே வந்து சொன்னானா? அவன் பேச்சை நம்பி என் புள்ளைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து நிக்கிறீங்களே." நான் என்ன சொன்னேன், ஞாபகமிருக்கிறதா? அது செத்தவர்களுக்கு ஊற்றுகிற தண்ணீர் என்று எனக்குத் தெரியாது, சிங்களவர் சடங்கு எனக்கு எங்கே புரியப் போகிறது, தூரத்தில் இருப்பவனுக்கு நல்லது நடக்கட்டும் என்று ஊற்றினேன் என்றேன்.

பொய். எனக்குத் தெரியும். உன் அம்மாவும் அதை நம்பவில்லை, நீயும் நம்பவில்லை. ஆனால் நீங்கள் நினைப்பது போல ஜப்பான்காரன் பேச்சை நம்பியும் நான் ஊற்றவில்லை. அவன் சொன்னதில் ஒரு சேதியும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிறையப் பேர் செத்தார்கள் என்றால் மற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். எனக்கு அலுத்துவிட்டது, சாரதா. அதுதான் உண்மை. ஒவ்வொரு ரயில் வரும்போதும் பெட்டி பெட்டியாகப் பார்த்து அலுத்துவிட்டது. கண்ணை மூடினால் விரல்களைப் பார்த்து அலுத்துவிட்டது. செத்துவிட்டான் என்று முடிவாகிவிட்டால் அழுதுவிட்டு நிமிரலாம் என்று தோன்றியது. பிடித்திருப்பதை விட்டுவிடு, விட்டுவிடு என்று பிக்கு வாராவாரம் சொல்வார். நான் என் சௌகரியத்துக்கு அதை உன் அண்ணனை விட்டுவிடுவது என்று எடுத்துக்கொண்டேன். காத்திருக்க முடியாமல் பெற்ற மகனை முடித்துவைத்தேன். நீ சொன்னது சரி. அந்தக் கை செய்தது தப்புதான்.

தண்ணீர் ஊற்றியும் நிம்மதி வந்ததா என்றால், அதுவும் இல்லை. மூன்று மாதம் விகாரைப் பக்கம் போகவில்லை. என் தப்புக்கு அவர்கள் மேல் கோபம். ஒரு நாள் சண்டை போடவே போனேன். மண்டபத்தில் சீலாவதி அக்கா பாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏன் அக்கா என்னைத் தடுக்கலை? உயிரோட இருக்கானா இல்லையான்னு தெரியாத பையனுக்கு ஊத்தறேன்னு உங்களுக்குத் தெரியாதா" என்று கத்தினேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "நீங்க கேக்கலையே அண்ணே. கூஜாவை நீங்களே எடுத்தீங்க. எங்களுக்குத் தெரிஞ்சது உங்க தோளைப் பிடிச்சுக்கிறது மட்டும்தான்" என்றார். அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள்.

அன்றைக்கு லிம் பாய்களை விரித்துக்கொண்டிருந்தார். ஆட்களை எண்ணினார், எண்ணிக்கைக்கு மேல் ஒன்று விரித்தார். இத்தனை நாளும் அது விகாரையின் வழக்கம், வருகிற விருந்தாளிக்காகப் போடுவது என்றே நினைத்திருந்தேன். ஏதோ தோன்றி, "அது யாருக்கு" என்று கேட்டேன். "தம்பிக்கு" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் தன் அரைகுறைத் தமிழில் சொன்னார். "தம்பியும் நானும் சேர்ந்துதான் இங்க வருவோம். இப்ப அவன் இல்லை. ஆனா பாய் போடணும் லா. போடலைன்னா அவன் வரமாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்." நீங்கள் அவருக்குத் தண்ணீர் ஊற்றவில்லையா என்று கேட்டேன். "இன்னும் எனக்குத் தெரியாது அண்ணே. தெரியாம எப்படி ஊத்துறது" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. அப்படியானால் தம்பியின் பாயில் என்னை ஏன் உட்காரவைத்தீர்கள், அந்த ஜப்பான்காரனை எப்படி உட்காரவைத்தீர்கள் என்று கேட்டேன். லிம் பாயின் ஓரத்தைக் காலால் தள்ளி நேராக்கினார். "பாய் சும்மா கிடக்கக் கூடாது லா. யார் வந்தாலும் உக்காரட்டும். தம்பி வந்தா, நான் எழுந்திருச்சுக்குவேன்."

அந்த ஜப்பான்காரன் விஷயத்தில் லிம் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன், செய்யவும் கூடாது என்றுதான் என் கட்சி. அதைப் பற்றி அவரோடு பல தடவை வாதாடிவிட்டேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாயைச் சுருட்டுவார். ஆனால் எனக்கும் அவருக்கும் ஒரே இழப்புதான். நான் ஒரு வருடம்கூடப் பொறுக்காமல் கூஜாவை எடுத்தேன். அவர் நாலு வருடமாக ஒரு பாயை விரித்துச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். வந்து உட்காருங்கள், உட்காருங்கள் என்று எல்லோரையும் அழைக்கிற அந்தக் கூட்டத்தின் தாராளமெல்லாம் ஒரு மனிதரின் காத்திருப்பிலிருந்து வந்தது என்று தெரிந்தபோது எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டார்கள். சியாமிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எலும்பும் தோலுமாக, ஒரு பெட்டிக்குப் பத்துப் பேராக. கேபினிலிருந்து பார்க்கிறேன். சண்முகம் வரவில்லை. அம்பாங்கிலிருந்து போன இருவர் வந்துவிட்டார்கள் என்று கேட்டுப் போய் விசாரித்தேன். அவனை ஆரம்பத்தில் பார்த்தார்களாம், பிறகு வேறு முகாமுக்குப் போய்விட்டானாம். இறந்தான் என்று சொல்பவர் யாரும் இல்லை, இருக்கிறான் என்று சொல்பவரும் இல்லை. நீயும் அம்மாவும் வருவான் என்கிறீர்கள். நான் வருவான் என்று சொல்ல மாட்டேன், அந்தத் தெம்பு எனக்கு இல்லை. ஆனால் இனி வரமாட்டான் என்றும் சொல்ல மாட்டேன். இன்னும் எனக்குத் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

புகுந்த வீட்டுக்குப் போகிறாய், அப்பன் என்ற முறையில் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். மாப்பிள்ளை கேரி தீவுத் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை, நல்ல பையன், நேரம் தவறாதவன் என்று உன் மாமா புகழ்கிறார். எனக்கு அதுதான் கவலை. நேரம் தவறாதவனை நானும் பார்த்திருக்கிறேன், தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில். அவனை ஐந்து நிமிடம் தாமதிக்கப் பழக்கு. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி ஏதாவது கேள். கோபம் வந்தால் அவன் முகத்தைப் பார்த்துக் கோபப்படு, சுவரைப் பார்த்துப் பேசாதே. அவனுக்கு ஒரு துக்கம் வந்து அவசரமாக அதை முடித்துவிடப் பார்த்தான் என்றால், தோளைப் பிடித்துக்கொள்வதோடு நிற்காதே, கூஜாவைப் பிடுங்கிவிடு. சீலாவதி அக்கா செய்யாததை நீ செய்.

தாரை வார்க்க உன் மாமாவே நிற்கட்டும். மனமாரத்தான் சொல்கிறேன், ஒரு பங்கு எரிச்சல் இருக்கிறது, அது என்னோடு பிறந்தது, அதை விடு. அந்தக் கையால் தண்ணீர் வேண்டாம் என்றாய், வேண்டாம். ஆனால் தாலி கட்டிய பிறகு, அக்கினிக்கு முன்னால் பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போட அண்ணன் வேண்டுமே. அதற்கு உன் மாமா மகனைக் கூப்பிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். கூப்பிடாதே, சாரதா. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். அரிசிப் பொரிக்கு வழியில்லாமல் சோளப்பொரி வறுத்து அனுப்பியிருக்கிறோம், அம்மா பாதி, நான் பாதி வறுத்தது. விகாரையிலிருந்து ஒரு பாயைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். லிம்மே சுருட்டிக் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்தன்று விடியற்காலையில் வந்து, மணவறையில் அண்ணன் உட்கார வேண்டிய இடத்தில் அதை நான் விரிக்கிறேன். நீ சரி என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினால் போதும், அவள் சுவரிடம் சொல்லிவிடுவாள்.

பாய் சும்மா கிடக்கக் கூடாது. பொரி போடும் நேரம் வரும்வரை யாரும் வந்து உட்காராவிட்டால் நான் உட்கார்ந்து பொரியைப் போடுகிறேன். சண்முகம் வந்தால் எழுந்துகொள்கிறேன்.

உன் அப்பா